சிஞோராவுக்குக் காய்ச்சல், நான் சொன்னதோ வெக்கை

வாசகியின் கடிதம், சுருக்கமாக

இத்தாலியின் பொலோஞா நகரிலிருந்து எழுதும் இந்த வாசகிக்கு 41 வயது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். ‘சிஞோரா’ என்று மரியாதையாக அழைக்கும் 84 வயது மூதாட்டி ஒருவரின் வீட்டிலேயே தங்கி அவரைப் பராமரிக்கிறார்; இங்கே ‘பதான்தே’ என்று சொல்லும் வேலை. இத்தாலிய மொழியைக் கைபேசிச் செயலி ஒன்றில், ஆங்கிலம் வழியாகப் படித்திருக்கிறார். போன கோடையில் மூதாட்டியின் மகள், மருமகன், பேரன் எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது, வெக்கை தாங்காமல் “சோனோ கால்தா” என்று சொல்லிவிட்டார். மருமகன் தலையைக் குனிந்துகொண்டார், பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். சொன்னதன் அர்த்தம் தெரிந்த நாளிலிருந்து ‘சி’ (ஆம்), ‘நோ’ (இல்லை) இரண்டையும் வைத்தே பொழுதை ஓட்டுகிறார்.

நவம்பரில் ஒருநாள் மூதாட்டியின் உடம்பு சுட்டது. மகளுக்கு ஃபோன் எடுத்து “லா சிஞோரா ஆ கால்தோ” என்றார். “அப்படியென்றால் ஜன்னலைத் திற” என்று சொல்லி மகள் வைத்துவிட்டார். மாலையில் மகள் வந்து அளந்து பார்த்தால் 38.7. “ஏன் எனக்குச் சொல்லவில்லை?” என்று கத்தினாராம். சொன்னேனே என்று சொல்லவும் இவருக்கு வாய் வரவில்லை.

இதைத் தவிரச் சில மனக்குறைகள். ஜன்னலைத் திறந்தாலே சிஞோரா சண்டைக்கு வருகிறார். கோடையில் பகலெல்லாம் ஷட்டரை இறக்கி வீட்டை இருட்டாக்குகிறார். வாயைத் திறந்தால் வானிலையைத் தவிர வேறு கதை இல்லை. வாசகியின் சின்ன அறையில் மட்டும் ‘தெர்மோசிஃபோனே’ (வெப்பமூட்டி) பூட்டியே கிடக்கிறது. ‘வீட்டுக்குள் 20 டிகிரி தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே?’ என்று கேட்கிறார். கடைசியாக, வேலையை விட்டுவிட்டுப் பலெர்மோவில் இருக்கும் அக்காவிடம் போய், மொழியைப் பிழையில்லாமல் படித்து முடித்த பிறகு வேறு வேலை தேடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

அந்தச் சாப்பாட்டு மேசைச் சங்கதியை முதலில் முடித்துவிடுவோம். “சோனோ கால்தா” என்றால் உடல் ஆசையில் இருக்கிறேன் என்ற பொருள் வந்துவிடும். ஆண் “சோனோ கால்தோ” என்றாலும் அதே கதைதான். ஆங்கிலம் வழியாக இத்தாலியன் படிப்பவர்கள் எல்லோரும் விழுகிற குழி இது. என்னிடம் படிக்க வருகிறவர்களில் இதைச் சொல்லாத ஆளைக் காண்பது அரிது. நீங்கள் சொல்ல வந்தது வெக்கையைத்தான் என்று அந்த மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் கணமே விளங்கியிருக்கும். மருமகன் தலையைக் குனிந்தது சிரிப்பை அடக்குவதற்கு. பேரன் வயது அப்படி. இதற்காக மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், மாதக்கணக்கில் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம்.

நவம்பரில் நடந்தது அப்படியல்ல, அது பாரதூரமானது. நீங்கள் சொன்ன வசனத்தில் இலக்கணப் பிழை ஒன்றுமே இல்லை. ஆபத்தே அதில்தான் இருந்தது. பிழையாகச் சொல்லியிருந்தால் “என்ன, என்ன?” என்று மகள் திருப்பிக் கேட்டிருப்பார். “சிஞோராவுக்கு வெக்கையாக இருக்கிறது” என்று சுத்தமாகச் சொன்னீர்கள், வெக்கைக்கு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். உங்களை அலட்சியம் செய்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. காதில் விழுந்த செய்திக்கு அவர் தந்தது சரியான பதில்தான்.

வானிலைக் கதை வீண் கதை என்று நினைக்கிறீர்கள். கடையில் வேலை செய்கிறவருக்கு வேண்டுமானால் அது வீண் கதையாக இருக்கலாம். முதியவரைப் பார்க்கிற உங்களுக்குச் சூடும் குளிரும்தான் தொழில். எத்தனை போர்வை, எந்தச் சட்டை, எப்போது ஜன்னல், எப்போது தண்ணீர், எப்போது வைத்தியர் எல்லாவற்றுக்கும் இந்தச் சொற்கள்தான் வேண்டும். ஆகவே இங்கிருந்தே தொடங்குவோம்.

ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழிலிருந்து போங்கள்

உங்கள் தடுமாற்றத்துக்குக் காரணம் நடுவில் நிற்கிற ஆங்கிலம். ஆங்கிலத்தில் ‘நான் குளிராக இருக்கிறேன்’ என்ற அமைப்பில் சொல்வார்கள். தமிழில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நாம் சொல்வது ‘எனக்குக் குளிருது’. இத்தாலியனும் கிட்டத்தட்ட நம் வழிதான். நாம் ‘எனக்கு’ என்று தொடங்குகிற இடங்களில் அவர்கள் ‘ஓ’ என்று தொடங்குவார்கள். ‘என்னிடம் உண்டு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் குளிர்: ஓ ஃப்ரெத்தோ. எனக்கு வெக்கை: ஓ கால்தோ. எனக்குப் பசி: ஓ ஃபாமே. எனக்குத் தாகம்: ஓ சேத்தே. எனக்கு நித்திரை: ஓ சொன்னோ. எனக்குப் பயம்: ஓ பவூரா. எனக்கு 41 வயது என்பதற்கும் இதே ‘ஓ’தான் வரும். ‘அம்மாவுக்கு’ என்று வந்தால் ‘ஓ’ போய் ‘ஆ’ வரும். சிஞோராவுக்குக் குளிருது: லா சிஞோரா ஆ ஃப்ரெத்தோ.

இதில் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. நீங்கள் மரியாதை கொடுத்துத்தான் அவரோடு கதைக்க வேண்டும். இத்தாலியனில் மரியாதைப் பேச்சுக்குப் படர்க்கை வினைதான் வரும். எனவே அவரிடமே கேட்பதற்கும் அதே ‘ஆ’ போதும்: “ஆ ஃப்ரெத்தோ, சிஞோரா?” மகளிடம் அவரைப் பற்றிச் சொல்லும்போதும் அதுவே. ‘ஆய்’ என்று சொன்னால் ஒருமையில் கூப்பிடுவதாகிவிடும். பேரனோடு அப்படிக் கதைக்கலாம்.

ஊருக்கே குளிர், வெளியே வெக்கை என்றால் ‘ஃபா’. இங்கே ‘எனக்கு’ இல்லை, ஆளே இல்லை. ஃபா ஃப்ரெத்தோ, ஃபா கால்தோ, இதமான குளிர்ச்சி என்றால் ஃபா ஃப்ரெஸ்கோ. தேத்தண்ணி சூடு, தண்ணீர் குளிர், கை சில்லிட்டுப் போயிருக்கிறது என்று ஒரு பொருளைத் தொட்டுச் சொல்லும்போது மட்டும்தான் ‘ஏ’ வரும். இல் தே ஏ கால்தோ: தேநீர் சூடாக இருக்கிறது. நீங்கள் மேசையில் சொன்ன ‘சோனோ’ இந்த ‘ஏ’ வர்க்கத்தைச் சேர்ந்தது, அதனால்தான் வம்பு. ஒருவர் தன்னைப் பற்றி “சோனோ ஃப்ரெத்தோ” என்று சொன்னால், ஈரமில்லாத மனசுக்காரன் என்று அர்த்தம்.

வெயில், காற்று, மூடுபனி போன்றவை ‘இருக்கு’ என்று வரும், அதற்கு ‘ச்சே’. சலிப்பில் நம் வாயில் வருகிற அதே ‘ச்சே’தான், ஆனால் முகத்தைச் சுளிக்காமல் சொல்லுங்கள். ச்சே இல் சோலே, வெயில் இருக்கு. ச்சே வென்தோ, காற்று இருக்கு. மழைக்கு ஒற்றை வினையே போதும்: பியோவே. வெண்பனி கொட்டினால் நேவிகா, ஆலங்கட்டி விழுந்தால் க்ராந்தினா.

பனி விஷயத்தில் மட்டும் நம் தமிழ் உங்களைக் காலை வாரும். காலையில் புல்லில் நிற்பதும் பனி, கண்ணை மறைப்பதும் பனி, ஆல்ப்ஸ் மலையில் கொட்டுவதும் பனி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இங்கே புல்லில் நிற்கும் ஈரம் ருஜாதா, அது உறைந்து வெள்ளையாகப் படிந்தால் ப்ரீனா, கண்ணை மறைப்பது நெப்பியா, கொட்டுவது நேவே, தரையில் இறுகி வழுக்குவது கியாச்சோ. கடைசிச் சொல்லைக் கட்டாயம் மனப்பாடம் செய்யுங்கள். வாசற்படியில் கியாச்சோ இருக்கிறது என்று யாராவது சொன்னால், அன்று சிஞோராவை வெளியே கூட்டிப் போகக் கூடாது.

அதற்கு ஈடாக ஒரு நல்ல செய்தி: இன்னோர் இடத்தில் நமக்குச் சொல் தயாராக இருக்கிறது. புழுக்கம்! இத்தாலியனில் ‘ஆஃபா’. ச்சே ஆஃபா என்றால் அச்சு அசலாக, புழுக்கமாக இருக்கு.

காய்ச்சலை எண்ணாகச் சொல்லுங்கள்

“ஆ கால்தோ” வெக்கை. “ஆ லா ஃபெப்ரே” காய்ச்சல். தொட்டால் சுடுகிறது என்றால் “ஸ்கோத்தா”. நம் ‘உடம்பு சுடுது’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. நடுங்குகிறார் என்றால் “த்ரேமா”.

ஆனால் ஃபோனில் சொல்லையே நம்பியிருக்காதீர்கள், எண்ணைச் சொல்லுங்கள். ஊரில் நாம் நூறு காய்ச்சல், நூற்றிரண்டு காய்ச்சல் என்று பாரன்ஹீட்டில் பழகியவர்கள். இங்கே எல்லாம் செல்சியஸ்: 37 என்பது நமது 98.6, 38 என்பது 100.4, 39 என்பது 102.2, 40 என்பது 104. சொல்கிற முறையும் வேறு. புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டு 38,7 என்று எழுதுவார்கள், வாயால் சொல்லும்போது ‘முப்பத்தெட்டும் ஏழும்’ என்ற மாதிரி “த்ரென்தோத்தோ எ செத்தே” என்பார்கள். அரை என்றால் “எ மெட்ஸோ”. அன்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய முழு வசனம் இவ்வளவுதான்:

“லா சிஞோரா ஆ லா ஃபெப்ரே, த்ரென்தோத்தோ எ செத்தே, தா ஸ்தமத்தீனா.”

கடைசிச் சொல் ‘இன்று காலையிலிருந்து’. எழுதி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். 37 த்ரென்தசெத்தே, 38 த்ரென்தோத்தோ, 39 த்ரென்தனோவே, 40 க்வரான்தா. இந்த நான்கும் அந்தத் தாளில் இருக்கட்டும். இங்கே பெரும்பாலும் கக்கத்தில் வைத்துத்தான் அளப்பார்கள். காய்ச்சல் குளிசை கொடுத்திருந்தால் எத்தனை மணிக்கு என்பதையும் குறித்து வையுங்கள், வைத்தியர் கேட்கிற அடுத்த கேள்வி அதுதான்.

நான் மொழி சொல்லிக் கொடுப்பவர், வைத்தியர் அல்ல. ஆனாலும் முதியவர்களைப் பார்க்கிற எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன்: வயதானவர்களுக்குக் கடுமையான தொற்று இருந்தும் காய்ச்சல் அதிகம் ஏறாமலே இருக்கலாம். எண் குறைவாக இருந்து, ஆள் திடீரெனக் குழம்பிப் பேசினால் “ஏ கொன்ஃபூசா” என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் மகள் ஃபோன் எடுக்கும்வரை காத்திராமல் 112 அல்லது 118 அவசர இலக்கத்துக்கு அழையுங்கள்.

ஜன்னல் சண்டை

சிஞோரா உங்களை அடக்கி ஆள்வதற்காகக் கத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கத்துகிற சொல் ‘கோல்போ தாரியா’வாகத்தான் இருக்கும். காற்று அடித்துவிடும் என்ற பயம். வியர்த்த உடம்பில், ஈரத்தலையில், கழுத்தில் காற்றுப் பட்டால் கழுத்துப் பிடிக்கும், தொண்டை கட்டும், வயிறு குழம்பும் என்று இந்த நாட்டில் பாட்டி முதல் பேத்தி வரை நம்புகிறார்கள். இரண்டு பக்க ஜன்னலும் திறந்து ஊடாகக் காற்று வந்தால் “கொர்ரென்தே!” என்று அலறுவார்கள். “கோப்ரிதி!” என்றால் போர்த்திக்கொள்.

உங்கள் அம்மம்மா என்ன சொல்லி வளர்த்தார்? தலைமுழுகிவிட்டு ஈரத்தோடு நிற்காதே, பனிக்குள் தலையை மூடாமல் போகாதே, தடிமன் பிடிக்கும். அதே கதைதானே? மருத்துவம் இதை எவ்வளவு ஒப்புக்கொள்ளும் என்ற வாதத்தை அந்த வீட்டில் கிளப்ப வேண்டாம், வெல்லவும் முடியாது. அவர் “கோப்ரிதி” என்று உங்களைப் பார்த்துச் சொன்னால், அது அக்கறை. ஜன்னலைத் தொடும் முன் “ஆப்ரோ உன் போகோ?”, கொஞ்சம் திறக்கட்டுமா என்று கேளுங்கள். அவர் முகம் மாறினால் “கியூதோ?”, மூடட்டுமா. அவரை ஓர் அறையில் இருத்திவிட்டு மற்ற அறையைக் காற்றாட விடுங்கள்.

கோடையில் ஷட்டரை இறக்குவதைப் பற்றி, மன்னியுங்கள், சிஞோரா சொல்வதே சரி. ‘யாழ்ப்பாணத்து வெயிலுக்கே அசையாத எனக்கு இது என்ன வெக்கை’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் சோளகம் வீசும், கடல் பக்கத்தில் இருக்கிறது. பொலோஞா இருப்பது போ ஆற்றுச் சமவெளியின் ஓரத்தில். வடக்கிலும் மேற்கிலும் ஆல்ப்ஸ், தெற்கில் அப்பெனினி மலை. காற்று உள்ளே வந்து அலச வழியில்லாமல் ஈரமும் சூடும் அப்படியே தேங்கும். கோடையில் ஆஃபா, குளிர்காலத்தில் நெப்பியா இரண்டுக்கும் காரணம் இந்த அமைப்பு. வெளியே 36 டிகிரி இருக்கும்போது ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருவது சூடுதான். காலையில் வெயில் ஏறுமுன் ‘தப்பரெல்லே’ என்கிற ஷட்டரை இறக்கிவிட்டு, இரவில் எல்லாவற்றையும் திறப்பது இந்த ஊர்க்காரர்கள் அனுபவத்தில் கண்ட முறை.

முதியவர்களுக்குத் தாகம் தெரிவதும் குறைவு. “ஆ சேத்தே?” என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். கேட்காமலே கோப்பையைக் கையில் கொடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை செய்தியில் ‘பொல்லீனோ ரோஸ்ஸோ’ என்று கேட்டால் காதைத் தீட்டுங்கள். 2003ஆம் ஆண்டு வெப்ப அலையில் முதியவர்கள் பெருந்தொகையாக இறந்த பிறகு வந்த ஏற்பாடு அது. சுகாதார அமைச்சு 27 நகரங்களுக்கு வெளியிடும் வெப்பக் குறிப்பில் உச்ச நிலை சிவப்பு. பொலோஞாவும் பலெர்மோவும் அந்தப் பட்டியலில் உண்டு. அன்று பகல் 11 முதல் மாலை 6 வரை சிஞோராவை வெளியே கூட்டிப் போக வேண்டாம். செய்தியில் இரண்டு வெப்பநிலை சொல்வார்கள். ‘பெர்ச்செப்பீத்தா’ என்று ஒட்டிவருவது, ஈரப்பதத்தையும் சேர்த்து உடம்பு உணர்கிற சூடு. நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

மழைக்கும் நிறம் உண்டு, அது வேறு கணக்கு

வெப்பத்துக்குப் ‘பொல்லீனோ’ என்றால் மழை வெள்ளத்துக்கு ‘அல்லெர்த்தா’: ஜால்லா மஞ்சள், அரான்ச்சோனே செம்மஞ்சள், ரோஸ்ஸா சிவப்பு. இரண்டிலும் நிறம் ஒன்றாக இருப்பதால் புதிதாக வந்தவர்கள் குழம்பிப் போகிறார்கள். 2023 மே மாதத்தில் எமிலியா-ரொமாஞாவில் இரண்டு தடவை வெள்ளம் வந்து உயிர்கள் போயின. 2024 அக்டோபர் 19 இரவு பொலோஞா நகருக்குள்ளேயே ரவோனே ஓடை பொங்கி, சஃபி வீதியெல்லாம் சேறாகியது. சிஞோராவின் வீடு தரைத்தளம், சலவை இயந்திரம் நிலவறையில் என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே மூன்று சொற்கள் உங்களுக்குக் கட்டாயம்: எசொந்தசியோனே என்றால் ஆறு கரை மீறுவது, கன்தீனா நிலவறை, பியானி ஆல்தி மேல்மாடிகள். செம்மஞ்சளோ சிவப்போ அறிவித்தால் கன்தீனாவுக்கு இறங்கக் கூடாது, துணி உள்ளே கிடந்தாலும் சரி. எந்த அயலவரின் மேல்வீட்டுக்கு சிஞோராவைக் கூட்டிப்போவது என்பதை மகளிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிராந்தியத்தின் ‘அல்லெர்த்தா மேதேயோ’ தளத்தை உங்கள் கைபேசியில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

“வேறு கதை இல்லை” என்கிறீர்களே

84 வயதில், வீட்டைவிட்டு அதிகம் போகாத ஒருவருக்கு ஒவ்வொரு நாளும் புதிதாக வருவது வானம் மட்டும்தான். அவர் கேட்பது பதில் அல்ல, ஒத்துப் பாடும் ஒரு குரல். அவர் “கே ஃப்ரெத்தோ!” என்றால் நீங்கள் ‘சி’ என்று நிறுத்தாமல் ஒரு படி கூட்டிச் சொல்லுங்கள்: “ஃபா உன் ஃப்ரெத்தோ கானே!” நாய்க்குளிர் என்று அர்த்தம், கடுங்குளிரைச் சொல்லும் சாதாரணப் பேச்சு, மரியாதைக் குறைவில்லை. வசந்தமும் இலையுதிர்காலமும் காணாமல் போய்விட்டன என்ற புலம்பல், “நோன் ச்சி சோனோ ப்யூ லே மெட்ஸே ஸ்தஜோனி”, இந்த நாட்டில் எல்லோர் வாயிலும் தேய்ந்த வசனம். மார்ச்சில் ஒருநாள் நீங்கள் முந்திக்கொண்டு அதைச் சொல்லிப் பாருங்கள், சிஞோரா கையைத் தட்டிச் சிரிப்பார். செவ்வானம் கண்டால் “ரோஸ்ஸோ தி சேரா, பெல் தெம்போ சி ஸ்பேரா”, மாலைச் சிவப்புக்கு நாளை நல்ல வானம்.

ஜனவரி 29, 30, 31 வந்தால் ‘ஜோர்னி தெல்லா மெர்லா’ என்றால் என்ன என்று கேளுங்கள். ஆண்டின் மிகக் குளிரான நாட்கள் என்று இங்கே நம்பும் மூன்று நாட்கள் அவை. மெர்லா என்பது ஒரு கருங்குருவி. முன்பு வெள்ளையாக இருந்ததாம். குளிர் தாங்காமல் புகைக்கூண்டுக்குள் மூன்று நாள் ஒளிந்திருந்து வெளியே வந்தபோது கரியாகிப் போனதாம். இந்தக் கதையைச் சொல்லாத இத்தாலியப் பாட்டி இருக்க மாட்டார். அவர் மெதுவாகச் சொல்வார், கையால் காட்டிச் சொல்வார், நீங்கள் சம்பளத்தோடு பாடம் கேட்பீர்கள்.

அவர் முடித்ததும் உங்கள் முறை. “தா நோய் நோன் நேவிகா மாய்”, எங்கள் ஊரில் வெண்பனி கொட்டுவதே இல்லை. அதன் பிறகு அவர் கேள்வி கேட்பதை நிறுத்த மாட்டார். வாடைக்கு ஒரு காலம், சோளகத்துக்கு ஒரு காலம் என்று காற்றுக்குப் பேர் வைத்த ஊர் நம்முடையது. அவர்களும் அப்படித்தான்: த்ரியெஸ்தேக்கு போரா, சிசிலிக்கு ஷிரோக்கோ, வடகாற்றுக்குத் த்ராமொன்தானா. பேசுவதற்கு உங்களிடம் நிறைய இருக்கிறது.

பிழை வரும், வரட்டும். பொலோஞாவின் கூரையிட்ட நடைபாதைகளில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறவர்கள் எவரும் உங்கள் வினைமுற்றைத் திருத்த மாட்டார்கள்.

உங்கள் அறையின் குளிர்

இதில் நீங்கள் கேள்விப்பட்டது தலைகீழ். 2013ஆம் ஆண்டு அரசாணை சொல்கிற 20 டிகிரி, உச்சவரம்பு. வீட்டைச் சூடாக்கினால் 20க்கு மேல் போகக் கூடாது, 2 டிகிரி விட்டுக்கொடுக்கலாம் என்பதே விதி. சூடேற்றும் காலத்துக்காக நாட்டைத் தட்பவெப்ப வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; பொலோஞா ‘ஈ’ வலயம். அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, நாளுக்கு 14 மணிநேரத்துக்கு மேற்படாமல் சூடேற்றலாம். குளிர் அசாதாரணமாக இருந்தால் நகர முதல்வர் காலத்தை நீட்டுவார். ஆகவே அந்த ஆணையைக் காட்டி “20 தா” என்று மகளிடம் கேட்டால் எடுபடாது. 1975ஆம் ஆண்டின் வீட்டுச் சுகாதார ஆணை ஒன்று, வெப்ப ஏற்பாடு 18 முதல் 20 டிகிரிக்கு ஏற்ப அமைக்கப்பட வேண்டும் என்கிறது. அதுவும் கட்டட அமைப்புக்கான விதிதான்.

உங்களுக்குக் கைகொடுப்பது வேலை ஒப்பந்தம். வீட்டுப் பணியாளருக்கான தேசியக் கூட்டு ஒப்பந்தப்படி, தங்கி வேலை செய்கிறவருக்குக் கண்ணியத்தையும் தனிமையையும் காக்கிற தகுந்த தங்குமிடம் கொடுக்க வேண்டும். ஜனவரியில் வெப்பமூட்டி பூட்டிய அறையைத் தகுந்தது என்று சொல்ல முடியாது.

ஆனால் சட்டத்தை முதலில் எடுக்காதீர்கள். என் அனுபவத்தில் இப்படியான வீடுகளில் பாதிக்கு மேல், அந்த அறையின் வால்வு மூடிக் கிடப்பதே மகள்மாருக்குத் தெரியாது. ஞாயிறு மகள் வரும்போது, “நெல்லா மியா காமெரா ஃபா ஃப்ரெத்தோ. போஸ்ஸோ அச்செந்தெரே இல் தெர்மோசிஃபோனே?”, என் அறை குளிராக இருக்கிறது, வெப்பமூட்டியைப் போடலாமா என்று கேளுங்கள். இரண்டு தடவை கேட்டும் மறுத்தால், ஒரு சிறிய வெப்பமானியை அறையில் வைத்துத் திகதியோடு படம் எடுத்து, தொழிற்சங்கத்துக்கோ ‘பத்ரொனாத்தோ’ என்னும் தொழிலாளர் உதவி அலுவலகத்துக்கோ கொண்டு போங்கள்.

பலெர்மோவுக்குப் போவதா?

அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. பலெர்மோவில் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், அக்காவும் இருக்கிறார், மனசுக்கு இதம்தான். ஆனால் காலை முதல் இரவு வரை தமிழிலேயே கதைத்துவிட்டு இத்தாலியன் எப்போது வளரும்? பலெர்மோ ‘பி’ வலயம். டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை 8 மணிநேரம்தான் சூடேற்றல், மத்திய வெப்ப ஏற்பாடே இல்லாத வீடுகளும் பல. ஜனவரியில் வெளியே 14 டிகிரி, வீட்டுக்குள் இங்கேயை விடக் குளிர் என்று அங்கிருந்து வருகிறவர்கள் சொல்வார்கள். கோடையிலோ, அதே சிசிலியின் ஃப்ளொரீதியாவில் 2021 ஆகஸ்ட் 11 அன்று பதிவான 48.8 டிகிரிதான் ஐரோப்பியச் சாதனை.

பணப் பக்கமும் பாருங்கள். நீங்களாக வேலையை விட்டால் பொதுவாக வேலையின்மைக் கொடுப்பனவு கிடைக்காது, முன்னறிவிப்புக் காலமும் கொடுத்தாக வேண்டும். வதிவிட அனுமதி உடனே பறிபோகாது, வேறு வேலை தேட அவகாசம் உண்டு. ஆனாலும் வருமானமில்லாத மாதங்களில் புதுப்பிக்கும் தவணை வந்தால் சிக்கல்.

வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். ‘ச்சிபியா’ என்று அழைக்கும் அரசு வளர்ந்தோர் கல்வி நிலையங்களில் இத்தாலிய வகுப்பு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கும். நீண்டகால வதிவிட அனுமதிக்கு வேண்டிய ஏ2, குடியுரிமைக்கு வேண்டிய பி1 ஆகிய இரண்டு மொழி நிலைகளுக்கும் அங்கே வழி உண்டு. தங்கி வேலை செய்கிறவருக்கு வாரம் 36 மணிநேர ஓய்வு உரிமை: ஞாயிறு 24, இன்னொரு நாள் 12. அந்த இன்னொரு அரைநாளை வகுப்பு நாளாகக் கேட்டு வாங்குங்கள். நிரந்தர, முழுநேர ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 40 மணிநேரம் சம்பளத்தோடு பயிற்சி விடுப்பும் கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது.

வகுப்புச் சேர்க்கை பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கும். போகும்போது கடவுச்சீட்டு, வதிவிட அட்டை, வரி இலக்க அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். ஒப்பந்தப் பிரதியையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் அதே நாளில் பத்ரொனாத்தோவில் காட்டிவிட்டு வாருங்கள்.